பதுவையில் மொட்டை போட இடமில்லை

எங்கம்மா ஒரு துண்டு மீன் சாப்பிட வேண்டும் என்பதற்காக நான் நான்கு நாடுகளைக் கடந்து மொட்டையடித்துக்கொள்ளப் போனேன். ஆபீசில் இதைச் சுற்றுலா என்று சொல்லித்தான் விடுப்பு வாங்கினோம். கூட வந்த இரண்டு பேருக்கும் அது சுற்றுலாதான்.

முதலில் மீன் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2002-இல் என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன் அம்மா எங்கள் ஊர் ரோட்டோரத்து அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டாள். நாங்கள் இந்துக்கள். ஆனால் மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் கடலோரத்தில் சாமிகளை யாரும் அப்படிப் பிரிப்பதில்லை. வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு என்று அம்மா கிழமையைத்தான் பிரித்திருந்தாள். “எம்பொண்ணு பாஸாயிட்டா அவ முடிய உனுக்குக் குடுத்துடறேன்” என்பது வேண்டுதல். என் முடியை. என்னைக் கேட்காமல்.

நான் பாஸ் ஆனது மட்டுமில்லை, பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் எல்லாரும் ஓட்டுப் போடப் போனவர்கள்தான். அம்மா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள்; பிறகு அணு ஆராய்ச்சிக்காரர்களின் குடியிருப்பில் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அப்பா மறைமலைநகரில் ஒரு கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சுமை ஏற்றுகிறார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பொறியியல் கல்லூரிக்குப் போகிற முதல் நாளில் மொட்டைத் தலையோடு போய் நிற்பதா? முடியாது என்றேன். அம்மா விடவில்லை. கடைசியில் நான் ஒரு போடு போட்டேன்.

“இந்தக் கிளை ஆபீசுல எல்லாம் குடுக்கமாட்டேன். குடுத்தா அந்தோணியாரோட சொந்த ஊருல, தலைமை ஆபீசுலதான் குடுப்பேன்.”

பதுவை இத்தாலியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் சொன்னது.

“செரி. அங்கயே போய்க் குடு. அதுவரிக்கும் எனுக்கு மீனு வேணா” என்று அம்மா தன் தட்டில் கிடந்த சங்கரா மீனை எடுத்து அப்பா தட்டில் வைத்தாள்.

ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். ஆறு வருடம் தாங்கியது. கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு. தெருவில் கூடை இறங்காத நாள் கிடையாது. மீன்காரம்மா எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் குரலைத் தணித்துக்கொண்டு, “ஒம்பொண்ணு எப்பம்மா அந்த ஊருக்குப் போவும்?” என்று, துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிப்பார். நான் படித்து முடித்தேன், வேலைக்குப் போனேன், வீட்டுக்குக் கிரைண்டர் வாங்கினேன். அம்மா மட்டும் ரசம் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிடிவாதம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

2008-இல் கம்பெனி எங்கள் மூன்று பேரை பல்கேரியாவின் தலைநகரான சோபியாவுக்கு ஆறு மாத வேலைக்கு அனுப்பியது. போன் செய்து சொன்னேன். குளிருமா, சோறு கிடைக்குமா என்றெல்லாம் அம்மா கேட்கவில்லை. “அது அந்தோணியாரு ஊருக்குக் கிட்டவா?” என்றாள்.

“கிட்ட இல்லம்மா” என்று நான் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த லலிதா போனைப் பிடுங்கி, “ரொம்பக் கிட்ட ஆன்ட்டி! பஸ்சுலயே போயிடலாம்!” என்று கத்திவிட்டாள்.

லலிதா ஊரப்பாக்கத்துக்காரி. அப்பா ரயில்வேயில் அதிகாரி. வரைபடத்தைப் பார்த்தால் அவளுக்குக் கைகால் நிற்காது. இன்னொருத்தி ஸ்டெல்லா, மதுராந்தகம். பிறவிக் கிறிஸ்தவள் என்பதால் இந்தப் பயணத்தின் ஆன்மிக ஆலோசகர் பதவியை அவளே எடுத்துக்கொண்டாள். விசா வாங்கிய கதையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். இத்தாலிக்கு வியாழன், வெள்ளி, சனி என்று மூன்றே நாள் கொடுத்தார்கள், சனிக்கிழமை மாலை கிளம்பிவிட வேண்டும் என்பது மட்டும் இங்கே போதும்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை சோபியாவில் பஸ் ஏறினோம். வெயில் நம் ஊர் வெயில் மாதிரியே இருந்தது. பஸ்ஸில் நாற்பது பேர். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. நான் என் ஜன்னலைத் திறந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து சாத்தியது. மறுபடி திறந்தேன். மறுபடி கை. திரும்பிப் பார்த்தால் தலையில் துணி கட்டிய ஒரு பெரியம்மா தன் கழுத்தைப் பிடித்துக் காட்டி, கண்ணை மேலே செருகி, செத்துப்போவதுபோல் நடித்துக் காட்டினார். ஆங்கிலம் தெரிந்த ஒரு மாணவி மொழிபெயர்த்தாள்: “ஓடுகிற வண்டியில் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது போய்விடும், பிள்ளை பிறக்காது என்கிறார்.”

ஜி.எஸ்.டி. ரோட்டு பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற ஊரிலிருந்து வந்தவள் நான். “எங்கள் ஊரில் எல்லாரும் காற்று வாங்கித்தான் போகிறோம், நூறு கோடிப் பேர் பிறந்திருக்கிறோம் என்று சொல்லு” என்றேன். மாணவி சொன்னாள். பெரியம்மா யோசித்தார். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு எனக்கு ஒரு பீச் பழம் கொடுத்தார். மாசிடோனியாவின் ஸ்கோப்யே நகரம் வரை ஆறு மணி நேரம் வேகவைத்த இட்லிபோல் போனோம்.

செவ்வாய்க்கிழமை ஓஹ்ரிட் ஏரி. உலகத்தின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று, தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், கரையில் மலைமேல் தேவாலயங்கள். படகோட்டி அரைகுறை ஆங்கிலத்தில் பெருமையாக, முந்நூறு மீட்டர் ஆழம் என்றான். ஸ்டெல்லா உதட்டைப் பிதுக்கினாள்.

“ஆழத்த யாரு கேட்டா? மதகு எத்தினி கீதுன்னு கேளுடி.”

நான் கேட்டேன். மதகு என்றால் என்ன என்று அவனுக்குப் புரியவைக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில், அப்படி ஒன்றும் இல்லை, இதிலிருந்து ஆறு தானாக வெளியே போகிறது என்றான்.

“மதகே இல்லியா? அப்பறம் இது இன்னா ஏரி? வயலுக்குத் தண்ணி எப்படிப் போவும்?” என்று ஸ்டெல்லா அந்த ஏரியை அதோடு கைகழுவிவிட்டாள். மதுராந்தகம் ஏரிக்கரையில் பிறந்தவர்களுக்கு உலகத்தில் வேறு ஏரியே கிடையாது.

மத்தியானம் கரையோரக் கடையில் பொரித்த மீன் வந்தது, தலையோடு. லலிதா முட்டைக்கு மேல் போக மாட்டாள். மிளகாய் வதக்கலை ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தாள். நான் மீனைக் கிள்ளினேன்.

“அங்க அம்மா ரசம் ஊத்திகினு கீறாங்க. நீ துன்னு, நல்லாத் துன்னு” என்றாள் ஸ்டெல்லா.

“வேண்டுதல் அவங்களோடது. எனக்கென்ன?” என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு அந்த மீனை விழுங்க முடியவில்லை. முள் அதிகம் என்று தள்ளி வைத்தேன். ஸ்டெல்லா என் தட்டை இழுத்து அதையும் முடித்தாள்.

புதன்கிழமை அல்பேனிய எல்லை. அதிகாரி ஒவ்வொரு பையாகப் பிரித்துக்கொண்டு வந்தார். ஸ்டெல்லாவின் பையில் துண்டு சுற்றி ஒரு பாத்திரம், அதிலிருந்து ஒயர். வெளியே எடுத்து மேசையில் வைத்துவிட்டு நான்கு பேரைக் கூப்பிட்டார். அது மின்சாரச் சோற்றுக் குக்கர். அது இல்லாமல் ஸ்டெல்லா எங்கும் நகர மாட்டாள். “அரிசி, அரிசி” என்று மூன்று பேரும் சொன்னோம். அரிசிக்கு எதற்கு மின்சாரம் என்பதுபோல் பார்த்தார்கள்.

“செஞ்சே காட்டிடலாம்” என்று ஸ்டெல்லா அரிசிப் பொட்டலத்தை எடுத்தாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், இரண்டு தேசங்களின் எல்லையில், அவர்கள் மேசைமேலேயே, அவர்கள் காபி போடும் சுவிட்சில் குக்கரைச் சொருகினோம். எங்கள் பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு சிகரெட்டோடு வந்து நின்றார். பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். சுவிட்ச் டக் என்று எகிறியபோது ஒரு அதிகாரி இரண்டடி பின்னால் குதித்தார். மூடியைத் திறந்ததும் ஆவி வந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி சோறும் மாங்காய் ஊறுகாயும் கொடுத்தோம். பெரிய அதிகாரி ஊறுகாயைத் தின்று கண்ணில் நீரோடு எங்கள் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். அந்த முத்திரை கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்திருக்கிறது.

அன்று மாலை துரஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி, வியாழன் காலை இத்தாலியின் பாரி நகரத்தில் இறங்கினோம். அங்கே ஒரு சந்தில் பெண்கள் வாசலுக்கு மேசை போட்டு உட்கார்ந்து, மாவை உருட்டிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திச் சோழிகள் மாதிரி செய்து காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஓயவில்லை, கையும் ஓயவில்லை. ஒரு சொல் புரியாவிட்டாலும் யாரோ ஒருத்தியின் மருமகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மூன்று பேருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

பாரியிலிருந்து பதுவைக்கு ரயில். நாள் முழுக்க வடக்கே போகிறது. எங்களுக்கு எதிரே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஆங்கிலம் பேசுவார். எங்கே போகிறீர்கள் என்றார். பதுவைக்கு என்றோம். “அந்தோணியாரைப் பார்க்கவா?” என்று முகம் மலர்ந்தது. ஆமாம், அங்கே போய் மொட்டையடிக்க வேண்டும் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாக, “அங்கே யாரும் மொட்டையடிப்பதில்லையே” என்றார்.

ஸ்டெல்லா என் காதில், “இவரு பாரிக்காரரு. அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் எவ்ளோ தூரம்! இவருக்கு இன்னா தெரியும்?” என்றாள். நியாயமாகத்தான் பட்டது. வேளாங்கண்ணியில் மொட்டை உண்டு. எங்கள் ரோட்டோரக் கோயிலிலேயே திருவிழாவுக்கு நான்கு பேர் கத்தியோடு உட்காருவார்கள். சொந்த ஊரில், அவர் அடக்கமான கோயிலில் இல்லாமல் இருக்குமா? பெரிய மண்டபமே இருக்கும், டோக்கன் கொடுப்பார்கள், கூட்டம் அதிகமாக இருந்தால் என்ன செய்வது என்பதுதான் எங்கள் கவலையாக இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கே கோயில் வாசலில் போய் நின்றுவிட்டோம்.

கோயில் பெரியது, கோபுரங்கள் வட்ட வட்டமாக இருந்தன. வரிசை இல்லை. வெளியே மெழுகுவர்த்திக் கடை ஒன்று. நாவிதர் ஒருவரும் இல்லை. சுற்றி வந்தோம். பின்பக்கம் இருக்கும் என்றாள் லலிதா. பின்பக்கம் தோட்டம் இருந்தது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்றாள் ஸ்டெல்லா. அந்தப் பக்கம் கழிப்பறை இருந்தது.

உள்ளே விசாரணை மேசையில் ஒரு அம்மா. “முடி கொடுக்கும் இடம் எது?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். என் பின்னலைக் கையில் பிடித்துக் காட்டினேன். அவர் மிகக் கனிவாக, தொலைந்த பொருள் எதுவானாலும் அந்தோணியார் கண்டுபிடித்துக் கொடுப்பார், கவலைப்படாதே என்றார்.

“அது தொலையலம்மா. அதான் பிரச்சினை” என்றாள் லலிதா தமிழில்.

அப்போது சாம்பல் நிற அங்கியும் இடுப்பில் கயிறுமாக ஒரு துறவி வந்தார். தலை வழுவழுவென்று மின்னியது. ஸ்டெல்லா பாய்ந்தாள். “தோ, இவரு அடிச்சிகினு கீறாரு பாரு! எங்க அடிச்சாருன்னு கேளுடி!”

கேட்டேன். துறவி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “இது நான் அடித்ததில்லை மகளே. நாற்பது வயதில் ஆண்டவர் தானாக எடுத்துக்கொண்டார்” என்றார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, வேண்டுதல், கிளை ஆபீஸ், தலைமை ஆபீஸ், ஆறு வருட மீன். அவர் சிரிக்கவில்லை. ஒருமுறை மட்டும், மீன் என்றபோது, “எந்த மீனுமே இல்லையா?” என்று கேட்டார். இறால்கூட இல்லை என்றேன். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: இங்கே அந்த வழக்கம் இல்லை, அந்தோணியார் முடி கேட்பவரும் இல்லை. ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, நான் ஜெபம் செய்து இந்த வாக்கிலிருந்து உன் அம்மாவையும் உன்னையும் விடுவிக்கிறேன். அம்மா இன்றைக்கே மீன் சாப்பிடலாம்.

லலிதா என் கையைக் கிள்ளினாள். “தலைமை ஆபீசே தள்ளுபடி பண்ணிடுச்சு. வாங்கிக்கோடி!”

ஆறு வருடமாக நான் காத்திருந்த விடுதலை. இடுப்புக்குக் கீழே தொங்குகிற என் முடிமேல் எனக்கு எவ்வளவு கர்வம் என்று இந்த இருவருக்கும் தெரியும். சோபியாவில் ஷாம்பு வாங்கவே தனியாகப் பணம் ஒதுக்குகிறவள். திங்கட்கிழமை ஆபீசில் வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று பேச வேண்டிய கூட்டம் ஒன்றும் இருந்தது. அம்மாவுக்குப் போன் செய்து, சாமியாரே வேண்டாம் என்றுவிட்டார் என்றால் போதும். நம்புவாள். படித்த மகள் சொல்வதை அவள் எப்போதும் நம்பியிருக்கிறாள். பதுவையில்தான் கொடுப்பேன் என்றதையும் அப்படித்தான் நம்பினாள். அதுதான் என்னை உறுத்தியது. தலைமை ஆபீஸ் என்று சொன்னது அவளில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாள், பொறியியல் படித்தவள் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள் என்றால் நான் என்ன பெரிய படிப்பு படித்தேன்?

“ஐயா, பக்கத்தில் முடி வெட்டும் கடை எங்கே இருக்கிறது?” என்றேன்.

துறவி என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். “இன்றைக்கா? ஆகஸ்ட் பதினைந்து மகளே!” என்றார்.

சுதந்திர தினம் இத்தாலிக்கும் உண்டா என்று லலிதா கேட்டாள். இல்லை. அன்றைக்கு மாதா விண்ணேறிய திருநாள். அதோடு நாடே கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போய்விடும் நாள். பதுவையில் கடைகளின் கதவுகளில் எல்லாம் ஒரே மாதிரிச் சீட்டு ஒட்டியிருந்தது. பதினோரு முடிவெட்டும் கடைகளைப் பார்த்தோம். பதினொன்றிலும் சீட்டு. ஒரு கடைக்காரர் சீட்டில் சூரியனும் குடையும் வரைந்துவிட்டுப் போயிருந்தார். செங்கல்பட்டில் பொங்கலன்றுகூடக் கதவைத் தட்டினால் ஒருத்தர் கத்தியோடு வருவார். தங்கியிருந்த விடுதியில் சவர பிளேடு கேட்டோம். விடுதிக்கார அம்மா மூன்று இளம்பெண்கள் பிளேடு கேட்கிறார்களே என்று பயந்து எங்கள் அறை ஜன்னலை வந்து பூட்டினார்.

மத்தியான வெயிலில் ஒரு சந்தில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ர்ர்ர் என்று. மூன்று பேரும் ஓடினோம். பாதி திறந்த ஷட்டருக்குள் ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், பெரிய வெள்ளை நாய் ஒன்றுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போன நாய்கள் சுற்றிலும் கூண்டுகளில். நாய்களுக்கு அழகு நிலையம்.

“வேணாம்டி” என்றாள் லலிதா.

“மெஷினு மெஷினுதான்” என்றாள் ஸ்டெல்லா.

அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. நான் மெஷினைக் காட்டினேன், என் தலையைக் காட்டினேன், முழுவதும் என்று கையை வழித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. மெஷினைக் கீழே வைத்தார். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். கண் நிறைந்துவிட்டது. ஏதோ கேட்டார், நான் வழக்கம்போல் தலையாட்டினேன். அவ்வளவுதான், என்னைக் கட்டிப் பிடித்து அழ ஆரம்பித்தார்.

“இவங்க உனக்கு ஏதோ பெரிய வியாதி, மருந்துல முடி கொட்டப் போகுதுன்னு நினைக்கறாங்க” என்றாள் லலிதா.

“வியாதி இல்லைன்னு சொல்லு!”

“எந்த பாஷையில?”

அவர் புது பிளேடு எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, நாயை இறக்கிவிட்டு, அந்த மேசைக்குப் புதுத் துணி விரித்து என்னை உட்காரவைத்தார். லலிதா பின்னலை அடியில் நூலால் கட்டி வெட்டினாள். அப்புறம் மெஷின். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாதி வெட்டிய நாய் எதிரே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கும் எனக்கும் அந்த நிமிடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த அம்மா காசு வாங்கவில்லை. என் மொட்டையில் முத்தம் கொடுத்து, “கொராஜ்ஜோ” என்றார். தைரியமாக இரு என்று பொருளாம். இத்தாலிய மொழியில் அந்த ஒரு சொல்லை அன்றைக்கு நான் இருபது தடவையாவது கேட்டிருப்பேன்.

மொட்டைக்குச் சந்தனம் வேண்டுமே? லலிதா முகத்துக்குப் பூசும் சந்தனப் பொடி வைத்திருந்தாள். தெருக் குழாய்த் தண்ணீரில் குழைத்து இருவரும் அப்பினார்கள். எங்கள் ஊரில் இந்தக் கோலத்தில் நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எந்தக் கோயில் என்று கேட்பார்கள், அவ்வளவுதான். பதுவையில் தெருவே ஒதுங்கி வழி விட்டது. டிராமில் தொண்ணூறு வயதுக் கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். ஐஸ்கிரீம்காரர் மூன்று கரண்டி அதிகமாக வைத்து, காசைத் திருப்பிக் கொடுத்தார். பரிகாசம் பண்ணுவார்கள் என்று ஆறு வருடம் பயந்தவள் நான். பரிதாபப்படுவார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நான் நன்றாக இருக்கிறேன்!” என்று ஆங்கிலத்தில் கத்தினால் இன்னும் கனிவாகப் பார்த்தார்கள்.

“ரெண்டு நாளு இப்படியே இருடி. ஓசியில ரோமையும் பாத்துடலாம்” என்றாள் ஸ்டெல்லா, என் ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே.

கோயிலுக்குத் திரும்பினோம். அந்தோணியார் கல்லறையைப் பக்தர்கள் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள். நானும் தொட்டேன். பக்கத்தில் கறுப்பு உடை அணிந்த ஒரு கிழவி, ஒரு கையால் கல்லறையைத் தொட்டபடி இன்னொரு கையை என் சந்தனத் தலைமேல் வைத்து முணுமுணுவென்று வேண்ட ஆரம்பித்தார். கையை எடுக்கச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார், உண்மையாகவே வேண்டுகிறார். சும்மா நின்றேன். எந்த வியாதியும் இல்லாத எனக்கு அவ்வளவு பெரிய வேண்டுதல் வீணாகிறதே என்று, “எங்கம்மாவுக்குப் போகட்டும்” என்று மனதுக்குள் விலாசம் மாற்றிக் கொடுத்தேன்.

பின்னலைத் துறவி இரண்டு கையாலும், பாம்பை வாங்குவதுபோல் வாங்கினார். என் தலைச் சந்தனத்தை எட்டி மோந்து பார்த்தார். ஒரு நோட்டில் என் பெயரை எழுதச் சொன்னார். தேன்மொழி என்று தமிழில் எழுதி, பக்கத்தில் அம்மா பெயரையும் எழுதினேன்.

ரயில் நிலையத்துப் போன் பெட்டியிலிருந்து வீட்டுக்கு அடித்தேன். அம்மாதான் எடுத்தாள்.

“குடுத்துட்டேம்மா.”

“முழுசாவா? பூ முடி குடுத்துட்டு ஏமாத்தலியே?”

“முழுசாம்மா. மொட்ட.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று நினைத்தேன்.

“போய் மீன் வாங்கித் துன்னும்மா.”

“இன்னாடி பேசற நீ? இன்னிக்கி ஆடிக் கடசி வெள்ளிக்கெழம. மீனு துன்னுவாங்களா? ஆறு வருசம் இருந்தவளுக்கு ஒரு நாளு இருக்க முடியாதா? நாளிக்கி பாத்துக்கலாம், வையி.”

சனிக்கிழமை வெனிஸ். கடைசி நாள், மாலையில் பஸ். தெருவுக்குப் பதில் தண்ணீர் ஓடுகிற ஊர் என்று படித்திருந்தேன். பாலத்துக்குப் பாலம் பாசிமணி விற்கிறார்கள் என்று யாரும் எழுதவில்லை. ஒருவன் மாலையைக் கையில் தொங்கவிட்டு, “மேடம், மலிவு, பார்த்தால் போதும், வாங்க வேண்டாம்” என்று பின்னாலேயே வந்தான். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கம் என் அத்தை மகன்கள் இதே பேச்சை, இதே தூரத்துக்கு, இதே குரலில் பேசிக்கொண்டு வெள்ளைக்காரப் பெண்கள் பின்னால் ஓடுவார்கள். அந்தப் பெண்களிலும் சிலர் மொட்டைத் தலையோடு வருவார்கள். பாவம், இவர்களுக்கு என்ன வேண்டுதலோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். இப்போது நான் ஓடினேன், அவன் துரத்தினான்.

மீன் சந்தைப் பக்கம் ஒரு போன் இருந்தது. ஊரில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி அடித்தேன். லலிதாவும் ஸ்டெல்லாவும் ஆளுக்கு ஒரு பக்கம் காதை ஒட்டிக்கொண்டார்கள்.

“துன்னியாம்மா?”

“ம்.”

“இன்னா மீனு?”

“சங்கரா. மீன்காரம்மா காசு வாங்கல. அதுவே கழுவிக் குடுத்துட்டுப் போச்சி.”

“கொழம்பு வெச்சியா?”

“ம்.”

குரல் சரியில்லை. நாலு தேசம் தாண்டி நாயோடு உட்கார்ந்து மொட்டையடித்திருக்கிறேன், இவள் ம் என்கிறாள். “இன்னாம்மா? முள்ளு கிள்ளு மாட்டிகிச்சா? புடிக்கலியா?”

அம்மா மூச்சை இழுத்து விட்டாள்.

இந்த ஆறு வருடமும் எங்கள் வீட்டில் மீன் குழம்பு நிற்கவில்லை. தான் சாப்பிடாவிட்டாலும் அப்பாவுக்கும் எனக்கும் அவள் ஆக்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். விரதம் என்றால் விரதம்; ஒரு நாளும் உப்பு பார்க்கவில்லை, நாக்கில் ஒரு சொட்டு விட்டதில்லை. கண்ணளவில் போட்டு இறக்குவாள்; இன்றைக்கும் அதே பழக்கத்தில் இறக்கியிருப்பாள். அப்பாவும் நானும் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

“ஏண்டி தேனு, இந்தக் கொழம்பையாடி ஆறு வருசமா துன்னுகினு இருந்தீங்க?”

பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. “நல்லாத்தான கீது!”

“நீ சும்மா இரு. உங்கப்பனாச்சும் வாயில்லாத பூச்சி. நீ படிச்சவ. ஒரு வார்த்த சொல்லக் கூடாது?”

இரண்டு பக்கமும் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுங்கினார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று பட்டது.

“கொஞ்சம் உப்பு தூக்கலாத்தாம்மா இருக்கும்” என்றேன்.

“கொஞ்சமா?” என்றாள் அம்மா.